பாட்டிலுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

புடவை எடுக்கப் போனால் முந்தானையைப் பிரித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். கத்திரிக்காயைக்கூடக் காம்பைத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடுவதில்லை. ஆனால் பாட்டில் வாங்கும்போது மட்டும், "அடடே, அழகாயிருக்கே!" என்று கையில் எடுப்பதோடு சரி. எண்ணெயோ, தேனோ ஊற்றி வைக்கிற பாட்டிலுக்கு அது போதும். உள்ளே இருக்கப் போவது மூச்சு விடுகிற பொருளாக இருந்தால் போதாது சகோதரிகளே! அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ராயபுரம் வீட்டில் கொம்புச்சா நுழைந்தது என் மருமகள் மூலமாக. அவளோடு ஆபீஸில் வேலை செய்யும் பெண் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாளாம். திறந்து பார்த்தால் ஆப்பம் மாதிரி வட்டமாக, வழவழவென்று ஒன்று மிதக்கிறது. "அத்தை, இதுதான் தாய். இதை ஆறின டீயில போட்டா புளிச்சு சோடா மாதிரி ஆயிடும்" என்றாள். தாயாவது, பிள்ளையாவது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் புரிந்ததும் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. நாள் தவறாமல் பாலுக்கு உறை ஊற்றுகிறோம், இட்லி மாவைப் பொங்க வைக்கிறோம், பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். நமக்கு இது என்ன பெரிய வித்தை?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 டீஸ்பூன் டீத்தூள், சுமார் 70 கிராம் சர்க்கரை. நன்றாக ஆறியதும் பழைய கொம்புச்சா 100 மி.லி. ஊற்றி, அந்தத் 'தாயை' மிதக்க விட்டு, வாயில் துணி கட்டி வைக்க வேண்டும். அதிலுள்ள ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று கொஞ்சம் ஆல்கஹாலும் கரியமில வாயுவும் உண்டாக்கும். கூட இருக்கும் பாக்டீரியா, காற்றின் துணையோடு அந்த ஆல்கஹாலைப் புளிப்பாக மாற்றும். சீனப் பக்கத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பானம் ரஷ்யா, ஜெர்மனி என்று சுற்றி, 1970-களில் ஜப்பான் முழுக்க ஒரு பைத்தியமாகவே பரவியதாம். இப்போது நம் ஊர்ப் பெரிய கடைகளின் கண்ணாடி அலமாரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

துணி கட்டின ஜாடியில் இருக்கும் வரை ஆபத்தில்லை. வாயு தன் பாட்டுக்கு வெளியே போய்விடும். பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்குகிறோமே, அங்கேதான் இருக்கிறது சமாசாரம். போக வழியில்லாத வாயு பானத்திலேயே கரையும். அதனால்தான் சுர்ரென்று நுரைக்கிறது. கரைந்தது போக மிச்சம் பாட்டிலின் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மருமகள் ஆசை ஆசையாக ஆறு பாட்டில் தருவித்திருந்தாள். நாலு பக்கமும் சதுரமாக, பளபளவென்று, தங்க நிற மூடியோடு. நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல நல்லெண்ணெய் ஊத்தலாம்மா. இதை மட்டும் ஊத்தாதே" என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது. மாமியார் குறை சொல்லுகிறாள் என்று நினைத்திருப்பாள், பாவம். அதனால் உட்கார வைத்துக் காரணத்தைச் சொன்னேன்.

எனக்கு பாட்டில் பார்க்கக் கற்றுக் கொடுத்தவர் என் அப்பா. எழுபதுகளில் டி.எச். ரோடில் அவருக்கு ஒரு பெட்டிக்கடை. பின்கட்டில் கையால் சுற்றுகிற சோடா மெஷின். அந்தப் பக்கம் குழந்தைகள் தலை காட்டக் கூடாது. பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் சக்கரத்தைச் சுற்றுவார். வெடித்தால் பெட்டிக்குள்ளேயே வெடிக்கட்டும் என்று. நிரப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்புவார், வாய் விளிம்பில் விரலை ஓட்டுவார். ஏதாவது தட்டுப்பட்டால் ஒரு வார்த்தை பேசாமல் கூடையில் போட்டுவிடுவார். "நாலணா பாட்டில், நாலு விரலை எடுத்துடும்" என்பது அவர் கணக்கு. மீட்டிங்கிலும் சினிமாக் கொட்டகையிலும் கலாட்டா என்றால் சோடா பாட்டில் பறந்த ஊர் இது. வாயு அடைத்த கண்ணாடி என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அந்த கோலி சோடா பாட்டிலைக் கண்டுபிடித்தவர் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர். 1870-களில் உரிமை பதிவு செய்தார். தடித்த கண்ணாடி, கழுத்தில் ரப்பர் வளையம், உள்ளே ஒரு கோலிக்குண்டு. உள்ளேயிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! "அப்படின்னா அதுலயே ஊத்தலாமே அத்தை?" என்று மருமகள் கேட்டாள். ஊற்ற முடியாது. சோடாவில் நிரப்பும்போதே வாயு இருக்கிறது. தலைகீழாக வைத்து நிரப்புவதால் கோலி உடனே வாயில் போய் உட்கார்ந்துவிடும். நம் கொம்புச்சாவில் ஆரம்பத்தில் வாயு ஏது? கோலி கழுத்திலேயே கிடக்கும், வாய் திறந்தே இருக்கும்.

சரி, எவ்வளவு வாயுதான் வந்துவிடும் என்று கேட்கிறீர்களா? கணக்கு இதோ. 4 கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், முழுவதும் நொதித்தால் சுமார் ஒரு லிட்டர் வாயு வரும். பிரான்ஸ் தேசத்து ஷாம்பேனில் இரண்டாம் நொதிப்புக்கு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை சேர்க்கிறார்கள். அதற்கே கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் வந்துவிடுகிறது. அதற்கென்றே கனமான பாட்டில் செய்து, கம்பி போட்டுக் கட்டுகிறார்கள். நாம் இனிப்பும் புளிப்புமாகப் பிடித்து வைக்கிற கொம்புச்சாவில் லிட்டருக்கு 30, 40 கிராம் சர்க்கரை மிச்சமிருக்கும். அதற்கு மேல் மாம்பழச் சாறு, திராட்சைச் சாறு வேறு! எல்லாமே வாயுவாகிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் பாதி ஆனாலே ஷாம்பேன் கணக்குக்குக் கிட்டே வந்துவிடும். ஆகவே எந்த பாட்டிலும் 'ஆயுசுக்கும் தாங்கும்' என்று நினைக்கக் கூடாது. நல்ல பாட்டில் என்பது பாதிக் காப்புதான். மீதிப் பாதி நாள் கணக்கு.

இந்த நாள் கணக்கில்தான் வெளிநாட்டுக் குறிப்புகள் நம்மைக் கவிழ்த்துவிடும். "பாட்டிலில் ஊற்றி நான்கைந்து நாள் வெளியே வையுங்கள்" என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊர் வீட்டுக்குள் இருபது, இருபத்திரண்டு டிகிரி. நமக்குக் கத்திரி வெயிலில் ராத்திரியிலும் ஓட்டுக்கூரை தணலாகக் கொதிக்கிறது. மார்கழியில் காலை வரை அசையாமல் கிடக்கும் இட்லி மாவு, சித்திரையில் பத்து மணிக்கே மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிகிறதே, அதே கதைதான் இதுவும். கோடையில் எங்கள் வீட்டில் பாட்டில் வெளியே இருப்பது ஒரே ஒரு நாள். மழைக்காலத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நடந்தது இது. மே மாதம். திராட்சை போட்ட கொம்புச்சாவைப் பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றி, மேடைக்கு அடியில் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் மத்தியானம் டமாரென்று சத்தம். சிலிண்டர்தான் போய்விட்டதோ என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஓடினோம். ஒரு கண்ணாடிச் சில்லு எதிர்ச் சுவரோரம் இருந்த அரிசி மூட்டையில் குத்திக்கொண்டு நின்றது. குழந்தை கூடத்தில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தது. தவழ்கிற பிள்ளை, விழித்திருந்தால் அந்நேரம் மேடைக்கு அடியில்தான் பாத்திரத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூட்டை அரிசியையும் கொட்ட வேண்டியதாயிற்று. கண்ணாடி கலந்த அரிசியை எந்தக் கையால் பொறுக்குவது?

இனி எந்த பாட்டில் ஆகும், எது ஆகாது என்று பார்ப்போம்.

சதுர பாட்டில் வேண்டவே வேண்டாம். சப்பாத்தி அடுப்பில் உப்பும்போது உருண்டையாகத்தானே உப்புகிறது? வாயு எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும். உருண்ட சுவர் அதைச் சமமாகத் தாங்கும். தட்டையான சுவர் வெளியே பிதுங்கப் பார்க்கும், மொத்த வேதனையும் மூலையில் போய்ச் சேரும், அங்கேதான் விரியும்.

சர்பத், ஸ்குவாஷ், சாஸ், ஜாம் பாட்டில்கள் உருண்டையாக இருந்தாலும் ஆகாது. அவை வாயுவுக்காகச் செய்தவை அல்ல. பிராந்தி, விஸ்கி பாட்டிலும் சாதாரண ஒயின் பாட்டிலும் அப்படியே. "கண்ணாடி தடியா இருக்கே" என்று ஏமாற வேண்டாம். முதலில் அதற்குள் இருந்தது நுரைக்கிற பானமா, இல்லையா? அந்த ஒரு கேள்வி போதும்.

கம்பிக் கொக்கி போட்ட மூடியுள்ள பாட்டில் நல்லது. 1875-ல் அமெரிக்காவில் உரிமை பெற்ற பழைய ஏற்பாடு இது. ரப்பர் வளையம் அழுத்திப் பிடிக்கும். ஆனால் இதே கொக்கி மூடியோடு, எண்ணெய்க்கும் அலங்காரத்துக்கும் என்று மெல்லிய கண்ணாடியில் செய்த பாட்டில்களும் கடையில் வரிசையாக நிற்கின்றன. நுரைக்கிற பானத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும், உடம்பு உருண்டையாக இருக்க வேண்டும். ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். அது வெடித்துப் போனால் பாட்டில் வெறும் அழகுக்குத்தான்.

பீர் பாட்டில், கண்ணாடி கலர் பாட்டில் இரண்டும் வாயுவுக்கென்றே செய்தவை. தகர மூடியை அழுத்திப் பொருத்தும் கைக்கருவி ஒன்று வாங்கிக்கொண்டால் போதும். நான் காயலான் கடையில் போய்க் கேட்டபோது, "இன்னாம்மா, பீர் பாட்டிலா? அய்யாவுக்குத் தெரியுமா?" என்று கடைக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரிக்கட்டும். நாலு பாட்டில் எடுத்தால் மூன்றைத் திருப்பி வைத்தேன். தோளிலும் அடியிலும் வெள்ளையாக உரசிய வளையம் இருந்தால் அது பல தடவை சுற்றி வந்த பாட்டில். கண்ணாடியில் ஒவ்வொரு கீறலும் பலத்தைக் குறைக்கும். வாய் விளிம்பில் துளி சில்லு பெயர்ந்திருந்தாலும் வேண்டாம்.

காயலான் கடையில் இன்னொரு எச்சரிக்கை. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். என்னென்ன திரவமோ அடைத்திருந்த கேன்களும் பாட்டில்களும் இங்கே பழைய சாமானாக வருகின்றன. முன்பு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத எதையும் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தால் வாசனைதான் போகும். பிளாஸ்டிக்காக இருந்தால் உள்ளே ஊறியது ஊறியதுதான்.

பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோடா, கலர் வருகிற பெட் பாட்டில், அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும், அது வாயுவையும் புளிப்பையும் தாங்குவதற்கென்றே செய்தது. இதில் ஒரு பெரிய சௌகரியம்: விரலால் அழுத்திப் பார்க்கலாம். ஊற்றிய அன்று மெத்தென்று அமுங்கும். கல் மாதிரி ஆகிவிட்டால், "போதும், பிரிட்ஜுக்குப் போகலாம்" என்று அர்த்தம். அதனால் ஒவ்வொரு தடவையும் ஐந்து கண்ணாடி பாட்டிலோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலும் நிரப்பி வைப்போம். அது சொல்கிற சமாசாரம் மற்ற ஐந்துக்கும் பொருந்தும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் அதை வைத்துக்கொள்ள மாட்டோம்.

ஊறுகாய் ஜாடி? பாட்டி காலத்துப் பீங்கான் ஜாடியில் போட்டால் குளுமையாக இருக்குமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் 1998-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த செய்தியைப் படித்ததும் விட்டுவிட்டேன். பீங்கான் பானையில் கொம்புச்சா தயாரித்து ஆறு மாதம் குடித்த தம்பதிக்குக் காரீய விஷம் ஏறிவிட்டதாம். பானையின் பளபளப்புப் பூச்சிலிருந்த காரீயத்தைப் புளிப்பு கரைத்து எடுத்திருக்கிறது. பித்தளை, செம்பு, அலுமினியமும் கூடாது. பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும்தான். ஃபிளாஸ்க்கில் அடைத்து வைக்கலாமா என்று ஒரு சிநேகிதி கேட்டாள். கூடவே கூடாது. அது சூட்டைத் தாங்கச் செய்தது, வாயுவைத் தாங்க அல்ல. மூடி துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும்.

எங்கள் தெருவில் கிறிஸ்மஸுக்குத் திராட்சை ஒயின் போடுகிற ஆன்ட்டி ஒருவர் உண்டு. "நுரை நிக்கற வரைக்கும் மூடியை இறுக்காதே கண்ணு" என்பார். அவர் ஒயினுக்கு அது சரி. நமக்கு நுரைதானே வேண்டும்? அதனால் நுரை நிற்பதற்கு முன்பே மூடுகிறோம். எத்தனை நெருப்போடு விளையாடுகிறோம் என்று இதிலிருந்தே தெரியும்.

பாட்டில் சரியாக அமைந்தால் மற்ற வேலை சுலபம். கழுவும்போது கொதிநீரைச் சட்டென்று ஊற்றக் கூடாது. தடித்த கண்ணாடி விரிசல் விடும். வெதுவெதுப்பில் தொடங்கிச் சூட்டைக் கூட்டுங்கள். நிரப்பும்போது மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். தேதி எழுதிய காகிதத்தை ஒட்டுங்கள். வெளியே இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாளும் பாட்டிலைத் திறந்த அலமாரியில் நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் காலியான பழைய எவர்சில்வர் அரிசி டிரம் இருக்கிறது. அதற்குள் துணி சுற்றி வைத்து, மேலே மூடி. வெடித்தாலும் டிரம்முக்குள்ளேதான், அப்பாவின் சோடா பெட்டிதான் வேறு ரூபத்தில்! காசிமேட்டு மீன் தெர்மோகோல் பெட்டி எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் அந்த வாடை ஏழு ஜென்மத்துக்கும் போகாது.

பிறகு பிரிட்ஜ். குளிரில் நொதிப்பு மெதுவாகும், வாயுவும் நன்றாகக் கரைந்து அடங்கும். நின்றுவிடாது என்பதை மறக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் குடித்து முடியுங்கள். நாள் முழுக்கக் கரண்ட் இல்லையென்றால் முதலில் இந்த பாட்டில்களைத்தான் கவனிக்க வேண்டும். திறக்கும்போது நன்றாகக் குளிர்ந்த பிறகு, கழுவும் தொட்டியில் வைத்து, மேலே துண்டு போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் பாட்டிலைத் திறப்பது பெரியவர்கள் மட்டும்.

குடிப்பதிலும் நிதானம் வேண்டும். இது மருந்தல்ல. அதை குணமாக்கும், இதை குணமாக்கும் என்று சொல்வதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 120 மி.லி. போதும். சிறிது ஆல்கஹால் இருப்பதாலும், காய்ச்சாத பானம் என்பதாலும் கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சின்னக் குழந்தைகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தவிர்ப்பதே நல்லது. என் மருமகளும் பிள்ளைக்குப் பால் கொடுத்த மாதங்களில் தொடவில்லை. போட்டதெல்லாம் எங்களுக்குத்தான்!

பேரனை முன்னிட்டு நாங்கள் வைத்திருக்கும் கடைசி விதி ஒன்று. கலர் பாட்டிலில் குடிக்கிற பொருளைத் தவிர வேறு எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. சைக்கிளில் வரும் பினாயில்காரர், ஆசிட்காரர் எல்லோரும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் ஊற்றிக் கொடுக்கிறார்கள். குழந்தைக்கு என்ன தெரியும்? ஆரஞ்சு நிறத்தில் கொம்புச்சா ஒரு பக்கம், மஞ்சள் நிறத்தில் ஆசிட் இன்னொரு பக்கம் என்றால் அது எதை எடுக்கும்? பினாயிலுக்கென்று தனி டப்பா, எட்டாத உயரத்தில், பெரிய எழுத்தில் பெயரோடு வைத்திருக்கிறோம்.

அந்தச் சதுர பாட்டில்கள் வீணாகவில்லை. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் ஊற்றி மேடையில் வரிசையாக நிற்கின்றன. வந்தவர்களெல்லாம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். மருமகளுக்கு அதில் பெருமை. கொம்புச்சா கனத்த உருண்டை பாட்டில்களில் அக்கம்பக்கத்துக்கும் போகிறது. நம் பக்கத்தில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவது வழக்கமில்லையே! ஒருத்தி பாட்டில் நிறைய மோர் ஊற்றி அனுப்பினாள், இன்னொருத்தி வெந்தயம் நிரப்பி அனுப்பினாள். "மகராசி, இந்த பாட்டிலை மட்டும் காலியாவே கொடு, தேய்க்கக் கொள்ளாமப் போற கீறல் விழுந்துடும்" என்று சொல்லி வைத்தேன். புரிந்துகொண்டாள். போன வாரம் பாட்டில் காலியாகத்தான் வந்தது. கழுத்தில் மட்டும் ஒரு பிடி முருங்கைக்கீரை கட்டியிருந்தது.